இலக்கணப் பிழை இல்லாத கட்டுரையில் என்ன பிழை?

கேள்வி: ஏறாவூரிலிருந்து ஒரு வாசகர், 2025 பெப்ரவரி 9

அக்கா, நான் தற்காலிகப் போதனாசிரியராகச் சேர்ந்து ஆறு மாதம். ஆங்கிலம் சிறப்புக் கற்கை செய்யும் மூன்றாம் வருடப் பிள்ளைகள் 34 பேருக்கு ஆய்வுக் கட்டுரை எழுதப் பழக்கும் பாடத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். 2000 சொல்லில் ஒரு கட்டுரை கேட்டேன். வசனம் வசனமாகப் பார்த்தால் சொல்லும்படி பிழை இல்லை. களவு பார்க்கும் மென்பொருளில் போட்டால் வீதமும் குறைவு. ஆனால் முழுதாக வாசித்து முடித்தால் கையில் ஒன்றும் நிற்கவில்லை. 34 கட்டுரையையும் ஒரே ஆள் எழுதினது போல இருக்கு. அடித்தளம் சரியில்லை, இலக்கணத்தையும் வசன அமைப்பையும் முதலில் இருந்து திரும்பப் படிப்பிக்க வேணும் என்பது என் முடிவு. எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

பெப்ரவரி 10

தம்பி, இலக்கணத்துக்குத் திரும்பிப் போகாதீங்க. நான் போனேன். ஒரு முழு அரையாண்டு அதிலேயே போய்விட்டது.

என் முதல் தொகுதிக் கட்டுரைகளைக் கல்லடி வீட்டு விறாந்தையில் இருந்து சிவப்புப் பேனையால் திருத்தினேன். ஆங்கிலத்து 'த' விடுபட்ட இடம், 'இன்' வர வேண்டிய இடத்தில் 'அட்', எல்லாவற்றுக்கும் வட்டம். பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள். வட்டம் போட்டதை மட்டும் திருத்தி, புதிதாக அச்சடித்து, ஓரத்தில் பூக்கோலம் போட்ட உறையில் வைத்துத் திரும்பத் தந்தார்கள். கட்டுரை பளபள என்று இருந்தது, கழுவிக் கவிழ்த்த வெறும் சட்டி மாதிரி.

அதே தொகுதியில் ஒரு பிள்ளை இருந்தாள். அவளின் ஆங்கிலம் நொண்டும். காலம் ஒரு பக்கம் போகும், எழுவாய் இன்னொரு பக்கம் போகும். காத்தான்குடி பிரதான வீதியில் நடந்து கடைப் பலகைகளைப் போனில் படம் எடுத்திருந்தாள், 43 படம். எந்த மொழி மேலே, எது பெரிய எழுத்து, எது மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது என்று ஒரு கோடு போட்ட கொப்பியில் அட்டவணை. கட்டுரையின் தொடக்கம் தமிழில் சொன்னால் இப்படி இருந்தது: "என் வாப்பாவின் கடைப் பலகையில் நாலு மொழி இருக்கிறது. வாப்பாவுக்கு அதில் இரண்டுதான் வாசிக்கத் தெரியும். மற்ற இரண்டும் யாருக்கு?"

இதை வாசித்த பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் இருக்க முடியுமா? ஆனாலும் நான் அவளுக்குப் போட்டது 'சி பிளஸ்'. வெறும் சட்டிக்காரருக்கு 'ஏ மைனஸ்'. கடைப் பலகையை ஆராய்வது ஒரு துறை என்பதே அப்போது எனக்குத் தெரியாது. லாண்ட்ரியும் பூர்ஹிஸும் 1997இலேயே அதற்கு ஒரு பெயர் வைத்து, தெருவில் எந்த மொழி கண்ணில் படுகிறது என்பதில் அந்த மொழிக்காரரின் நிலை தெரியும் என்று எழுதியிருந்தார்கள். என் மாணவி அவர்களை வாசிக்காமலேயே அந்த இடத்துக்கு நடந்து போயிருந்தாள். அவளை அங்கே கொண்டுபோய் அறிமுகப்படுத்தி வைக்க வேண்டியது என் வேலை. நான் 'த' வைத் தேடிக்கொண்டு இருந்தேன்.

பெப்ரவரி 10, இரவு

இலக்கணமே வேண்டாம் என்று நான் சொன்னதாக ரெண்டு பேர் கோபித்திருக்கிறார்கள். வேண்டும். கடைசி வாரத்தில் வேண்டும். எழுதப்படாத ஒன்றை எப்படித் திருத்துவது?

பெப்ரவரி 14

அந்த 34 கட்டுரையின் முதல் வசனத்தை மட்டும் எடுத்து, பெயர் இல்லாமல் ஒரு தாளில் வரிசையாக அடியுங்கள். வகுப்பில் ஆளுக்கொன்றாக வாசிக்கச் சொல்லுங்கள். "மனிதன் தோன்றிய காலந்தொட்டு மொழி…", "இன்றைய உலகமயமாதல் யுகத்தில் ஆங்கிலம்…", "மொழி என்பது தொடர்பாடலுக்கான ஓர் ஊடகம் ஆகும்…". ஐந்தாவது ஆள் வாசிக்கும்போது பின்வாங்கில் சிரிப்புத் தொடங்கும். பத்தாவதில் வாசிக்கிறவருக்கே சிரிப்பு வந்துவிடும். நீங்கள் ஒன்றும் விளக்கத் தேவையில்லை.

இந்த வசனம் எங்கிருந்து வருகிறது? ஆங்கிலத்தில் இருந்து அல்ல. எட்டாம் வகுப்புத் தமிழ்க் கட்டுரையில் இருந்து. முன்னுரையில் உலகத்தைக் கூப்பிடு, பொருளுரையில் மூன்று பந்தி, முடிவுரையில் எல்லாரையும் வாழ்த்து. தமிழ்த்தினப் போட்டியில் வலய மட்டத்தில் முதலிடம் எடுத்த என் கட்டுரையும் "ஆதியில் மனிதன் சைகையால்" என்றுதான் தொடங்கியது. பன்னிரண்டு வருசம் பரிசு கொடுத்துப் பழக்கிவிட்டு, கம்பஸுக்கு வந்ததும் அதையே குற்றம் என்கிறோம்.

மாற்றாக என்ன கொடுப்பது என்று கேட்பீர்கள். ஜோன் ஸ்வேல்ஸ் 1990இல் ஆய்வுக் கட்டுரை முன்னுரைகளைப் பிரித்துப் பார்த்து மூன்று நகர்வு சொன்னார். அவர் சொன்னது எனக்கு விளங்கியது வளவுக் கணக்கில்தான். முதலில் வளவைக் காட்டு: இன்னின்னார் இங்கே வேலை செய்திருக்கிறார்கள், இடம் பெறுமதியானது. பிறகு வேலியில் உள்ள ஓட்டையைக் காட்டு: இந்த மூலையை ஒருவரும் பார்க்கவில்லை, அல்லது பார்த்தவர் பிழையாகப் பார்த்தார். பிறகு உள்ளே போய் உன் குடிலைப் போடு: நான் செய்யப்போவது இது. அவ்வளவுதான். கரும்பலகையில் வேலியைக் கீறிக் காட்டினால் முக்கால் மணித்தியாலத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

பெப்ரவரி 21

மேலே எழுதியதில் ஒரு பொறி இருக்கிறது, அதில் நானே விழுந்தேன், சொல்லாமல் விட்டால் நீங்களும் விழுவீர்கள்.

வேலி ஓட்டையைப் படிப்பித்த வருசம் எனக்கு வந்த கட்டுரைகளில் முக்கால்வாசியில் ஒரே ஓட்டை. "மட்டக்களப்பில் இது பற்றி யாரும் ஆய்வு செய்யவில்லை." சென்னையில் செய்திருக்கிறார்கள், கண்டியில் செய்திருக்கிறார்கள், மட்டக்களப்பில் செய்யவில்லை, ஆகவே நான் செய்கிறேன். ஒரு பொடியன் அம்பாறைக்காரன், அவன் மட்டும் "அம்பாறையில்" என்று மாற்றியிருந்தான். நான் வகுப்பில் கேட்டேன்: "உன்னிச்சைக் குளத்து யானைக்கு ஆங்கிலம் படிப்பித்தும் யாரும் ஆய்வு செய்யல்ல. நாம செய்வமா?" சிரித்தார்கள். அடுத்த முறையும் அதே ஓட்டைதான் வந்தது, "ஆனால் இது முக்கியமானது" என்ற வசனம் கூடுதலாக.

ஒருவரும் பார்க்கவில்லை என்பது காரணம் ஆகாது. பார்க்காததால் எது பிழையாகப் போகிறது என்று சொல்ல வேண்டும். இதற்கு நான் இப்போது சொல்லும் உதாரணம் காரைதீவுக்காரர்தான். 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழ் பற்றிய வரிகள் இருக்கின்றன. பாடினார்கள், உரை எழுதினார்கள், பரீட்சையில் கேட்டார்கள். அவரோ விஞ்ஞானப் பட்டதாரி. அந்த யாழின் நரம்புகள் உண்மையில் என்ன சுரத்தில் ஒலித்திருக்கும் என்று கேட்டார். அதைக் கணக்காலும் ஒலியியலாலும் தேடிப் போனதுதான் 1947இல் வந்த யாழ் நூல். அண்ணாமலையிலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் வேண்டுமென்றால் இன்னொரு உரை எழுதி முடித்திருக்கலாம். "யாழ் பற்றி மட்டக்களப்பில் யாரும் எழுதவில்லை" என்று அவர் தொடங்கவில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். காரைதீவுப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் மரியாதை கூட.

மார்ச் 2

களவு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மென்பொருளின் வீதம் குறைவு என்றால் களவு இல்லை என்று நினைக்காதீங்க. சொல்லுக்குச் சொல் மாற்றிப் போட்டால் வீதம் குறையும். ரெபேக்கா மூர் ஹவார்ட் இதை ஒட்டுப்போட்டுத் தைத்த எழுத்து என்ற கருத்தில் ஒரு பெயர் வைத்து, இது எல்லா நேரமும் களவு அல்ல, படிக்கிற பிள்ளை கடக்கும் ஒரு படி என்றார். நானும் இப்போது அந்தக் கட்சி. முன்பு இல்லை.

மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் பாவித்தால் வருவது வேறு கூத்து. என்னிடம் வந்த ஒன்றில் 'தாய்மொழி' என்று இருக்க வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட 'பெற்றாரின் நாக்கு' என்று பொருள்படும் ஆங்கிலம் இருந்தது. எங்கள் பிள்ளைகள்தான் இப்படி என்று நினைத்தேன். 2021இல் கியோம் கபனக்கும் இன்னும் இரண்டு பேரும் அச்சான ஆய்விதழ்களிலேயே இதைக் கண்டுபிடித்தார்கள். 'செயற்கை நுண்ணறிவு' என்பது 'போலிப் பிரக்ஞை' ஆகியிருந்தது, 'மார்பகப் புற்றுநோய்' என்பது 'நெஞ்சத்து ஆபத்து' என்பது போல ஆகியிருந்தது. வதைபட்ட சொற்றொடர்கள் என்று அதற்குப் பெயர். பேராசிரியர்மாரும் செய்திருக்கிறார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொன்ன அன்று அவர்கள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டும்.

ஆனால் அடிப்படை வேறு. பதின்மூன்று வருசம் ஆசிரியர் தந்த குறிப்பை எழுத்துக்கு எழுத்து ஒப்புவித்தால் "கெட்டிக்காரி" என்றோம். உயர்தரத்தில் டியூட்டரித் தாளை அப்படியே இறக்கினவருக்குத்தான் புள்ளி. அவர்களுக்கு அது மரியாதை. தொல்காப்பியத்திலேயே "முன்னோர் மொழி பொருளே அன்றி அவர் மொழியும் பொன்னேபோல் போற்றுவம்" என்று இருக்கிறதே. பொன்னை எடுத்து வைத்தவனிடம் போய் "நீ கள்ளன்" என்றால் அவனுக்கு விளங்குமா?

மார்ச் 3

வெட்கம். அது தொல்காப்பியம் இல்லை, நன்னூல், பாயிரம். காலையிலேயே மூன்று பேர் திருத்திவிட்டார்கள், ஒருவர் களுவாஞ்சிகுடியில் இருந்து தொலைபேசியிலேயே எடுத்துவிட்டார். மேற்கோள் காட்டப் படிப்பிக்கிறவள் மேற்கோளைப் பிழையாகக் காட்டினால் பிறகு என்ன. மேலே திருத்தாமல் விடுகிறேன், கிடக்கட்டும்.

பிராயச்சித்தமாக இரவு நன்னூல் பாயிரத்தை எடுத்து இருந்து வாசித்தேன். அந்தச் சூத்திரத்தின் மீதியை நான் யோசித்ததே இல்லை. பழைய சூத்திரத்தை ஏன் அப்படியே எடுத்து வைக்கிறேன் என்று பவணந்தி காரணம் சொல்கிறார். எடுத்தேன் என்பதை மறைக்கவில்லை. தொல்காப்பியர் வரிக்கு வரி "என்ப", "என்மனார் புலவர்" என்று போகிறார். யார் அந்தப் புலவர் என்று பெயர் இல்லை, உண்மைதான், எந்த மேற்கோள் முறைக்கும் அது போதாது. ஆனால் இது என்னுடையது அல்ல என்ற அடையாளம் அங்கே இருக்கிறது. அப்போ மரபில் பிழை இல்லை. நாங்கள் பொன்னைப் போற்றப் பழக்கினோம், யார் வீட்டுப் பொன் என்று சொல்லப் பழக்கவில்லை.

இன்னும் ஒன்று கண்ணில் பட்டது. நாளைக்கு வகுப்பில் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மார்ச் 12

நன்னூல் பாயிரத்து எழுவகை மதம். மதம் என்றால் இங்கே கொள்கை. படித்திருப்பீர்கள், என்னைப் போலப் பரீட்சைக்குப் பாடமாக்கி மறந்திருப்பீர்கள். பிறர் கருத்தை ஏற்பது, மறுப்பது, ஏற்றுக்கொண்டு போய்ப் பிறகு கைவிடுவது, தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்துவது, இருவர் முரண்பட்டால் ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, யாரோடும் சேராமல் தன் கருத்தைக் கொள்வது. முன்னைய ஆய்வுகளை மீளாய்வு செய்யும் பகுதிக்கு இதைவிட என்ன வேண்டும்? எங்கள் பிள்ளைகள் அந்தப் பகுதியை மளிகைக் கடைத் துண்டு மாதிரி எழுதுவார்கள். இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார், மற்றவர் மற்றப்படிச் சொன்னார். எழுதுகிறவர் எங்கே நிற்கிறார் என்று தெரியாது.

பொருளுக்குப் பாடுமீனை எடுத்தேன், மட்டக்களப்பு வாவியில் கேட்கிற அந்தப் பாட்டை. வாசிக்க ஒன்றும் தேவையில்லை, எல்லாருக்கும் ஒரு கட்சி இருக்கும். மூன்று கருத்து வைத்தேன். ஊர் சொல்வது: மீன் பாடுகிறது. 1859இல் வந்த நூலில் எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி சொன்னது: மீன் அல்ல, ஓட்டுடலி இனம். ஊரிதான் அழுகிறது என்று மீனவர்கள் அவருக்குச் சொன்னார்களாம். மூன்றாவது என் அப்பப்பா சொன்னது: பாலத்தடிக் கல்லுக்குள் தண்ணீர் போய் வருகிற சத்தம். ஏழு மதத்துக்கும் ஒவ்வொரு வசனம், ஆங்கிலத்தில்.

முதல் கால் மணித்தியாலம் ஒருவரும் பேனையை எடுக்கவில்லை. ஏற்பது மட்டும் எழுதிவிட்டு என்னைப் பார்த்தார்கள். "மறுக்கலாமா மிஸ்?" என்று ஒரு பெட்டை கேட்டாள். என் அப்பப்பாவை மறுக்கலாமா என்று கேட்கிறாள். "அவர் மோசம் போய் இருபது வருசம், மகள். மறு" என்றேன். அதற்குப் பிறகு பார்க்க வேண்டும். அப்பப்பாவைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பாலம் கட்ட முந்தியும் பாட்டுக் கேட்டது என்றால் பாலத்துக் கல் எப்படிக் காரணம் ஆகும் என்று ஒருவன். நியாயம். பழைய கல்லடிப் பாலம் 1924இல்தான் வந்தது, டெனன்டின் நூல் அதற்கு அறுபத்தைந்து வருசம் முந்தியது.

ஆனால் அன்றைக்கு என்னை நிற்பாட்டி வைத்தது வாகரைப் பக்கத்துப் பொடியன் ஒருவனின் வசனம். குற்றம் காட்டல் என்ற இடத்தில் எழுதியிருந்தான்: டெனன்டின் முடிவில் பாதி மீனவர் சொன்னது, அப்படியென்றால் அடைப்புக்குள் யாருடைய பெயர் வர வேண்டும்?

எனக்குப் பதில் தெரியவில்லை. அடைப்புக்குள் 'டெனன்ட்' என்றுதான் எந்த மேற்கோள் முறையும் கேட்கும். அவனது வாப்பாவோ அப்பாவோ மீன்பிடிக்காரராக இருப்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

மார்ச் 23

ஏறாவூர்த் தம்பியின் புதுக் கேள்வி: "எங்கட ஆக்கள் சுத்தி வளைச்சுத்தான் யோசிக்கிறாங்க, அதனாலதான் நேரா எழுத வருதில்ல, இதை ஆய்வே சொல்லுது."

எந்த ஆய்வு என்று தெரியும். ரொபர்ட் கப்லான் 1996இல் வெளியிட்ட கட்டுரை. ஆங்கிலம் எழுதுகிறவர் நேர்கோடு, கீழைத்தேயத்தவர் உள்ளே உள்ளே போகும் சுருள், வேறு ஆட்கள் வேறு கோடு என்று படம் கீறிக் காட்டியிருப்பார். நான் அந்தப் படத்தைக் கரும்பலகையில் கீறி, சுருளைக் காட்டி, "இதுதான் நீங்கள்" என்று சொன்ன காலம் உண்டு. பிள்ளைகள் அதையும் கொப்பியில் கீறிக்கொண்டார்கள். படம் அழகாகத்தான் இருந்தது. பிறகு 1987இல் கப்லானே திரும்பி வந்து முன்பு சொன்னதை மட்டுப்படுத்தினார். அதை நான் பிந்தித்தான் வாசித்தேன்.

நன்னூல் பத்துக் குற்றத்தில் "கூறியது கூறல்", "மற்றொன்று விரித்தல்" இரண்டும் இருக்கின்றன. சுருள்தான் எங்கள் இயல்பு என்றால் எதற்கு அதைக் குற்றம் என்று ஒருவர் சூத்திரம் எழுத வேண்டும்?

இதில் வாசிக்க வேண்டியவர் சுரேஷ் கனகராஜா. யாழ்ப்பாணத்தில் யுத்த காலத்தில் படிப்பித்தவர். 2002இல் வந்த நூலில் அவர் சொல்வது மூளையின் வளைவைப் பற்றி அல்ல. தாள் இல்லை, மின்சாரம் இல்லை, புது ஆய்விதழ் வந்து சேராது, ஆனால் வெளிநாட்டு இதழோ நல்ல தாளில் இத்தனை பிரதி அனுப்பு என்று கேட்கும். மையத்தில் இருக்கிறவர் எழுதுவதுதான் அறிவு என்று ஆகிப்போவதில் தபால் செலவுக்கும் பங்கு இருக்கிறது. போன நவம்பர் வெள்ளத்தில் உயர்தரப் பரீட்சையே சில நாள் நின்றது. அந்தக் கிழமையும் எங்கள் இறுதி வருடப் பிள்ளைகளுக்குச் சமர்ப்பிக்கும் திகதி மாறவில்லை. சுருள் எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஏப்ரல் 17

புத்தாண்டுக்கு ஊருக்குப் போய் வந்தேன். சின்னம்மா வீட்டு முற்றத்தில் கேட்ட கதையிலேயே ஒரு பாடம் கிடைத்தது.

"அவ வெளிநாடு போறாவாம்." "போறா." "போவா போல." "போவாவெண்டு நினைக்கிறன்." "போறாவெண்டு அவட தங்கச்சி சொல்லித் திரியிறா." ஐந்தும் ஒரே செய்தி. ஆனால் ஒவ்வொன்றிலும் பேசுகிறவர் எவ்வளவு பொறுப்பு எடுக்கிறார் என்பது வேறு. கடைசி வசனத்தில் 'திரியிறா' என்ற ஒரு சொல்லிலேயே சின்னம்மா அந்தச் செய்தியை நம்பவில்லை என்று தெரிகிறது.

எங்கள் பிள்ளைகள் பிறந்த நாளில் இருந்து இதைச் செய்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுத இருந்தால் எல்லாருக்கும் ஒரே வினை, 'சேய்ஸ்'. கப்லான் சேய்ஸ், ஸ்வேல்ஸ் சேய்ஸ், கடைசியில் என் மாணவி சேய்ஸ். அல்லது எல்லாம் 'புரூவ்ஸ்', பத்துப் பேரிடம் வினாக்கொத்துக் கொடுத்துவிட்டு உலகத்தையே நிரூபித்துவிடுவார்கள். இப்போது நான் வினைகளின் பட்டியலைக் கொடுப்பதில்லை. அவர்கள் வாசித்த கட்டுரையை முதலில் தமிழில், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது போலச் சொல்லச் சொல்கிறேன். 'ஆம்' போடுகிறாளா, 'போல' போடுகிறாளா, 'சொல்லித் திரியிறார்' என்கிறாளா என்று கவனிக்கிறேன். 'ஆம்' வந்தால் 'கிளெய்ம்ஸ்'. தயங்கிச் சொன்னால் 'சஜெஸ்ட்ஸ்'. அடித்துச் சொன்னால் 'ஷோஸ்'. 'சொல்லித் திரியிறார்' என்பதற்கு மட்டும் ஆங்கிலத்தில் மரியாதையான சொல் ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.

இரண்டாம் யோசனை: இது எல்லா இடத்திலும் சரிவராது. 'ஆம்' எப்போதும் சந்தேகம் அல்ல, சும்மா கேள்விப்பட்டது என்பதற்கும் வரும். அதை 'கிளெய்ம்ஸ்' ஆக்கினால் பாவம் அந்த ஆய்வாளர்.

மே 4

சட்ஜிபிடி பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டவர்களுக்கு. சலிப்புத்தான் காரணம்.

அது 2022 நவம்பர் 30இல் வந்தது. அடுத்த வருசமே எனக்கு வந்த கட்டுரைகளில் முற்றுப்புள்ளி கூடச் சரியாக இருந்தது. கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். நானும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டேன். அவள் அழுதுகொண்டு பையில் இருந்து கொப்பியை எடுத்தாள். ஏழு தரம் கையால் எழுதி வெட்டியிருந்தாள். ஸ்டான்ஃபோர்டில் சிலர் 2023இல் வெளியிட்ட ஆய்வை அதற்குப் பிறகுதான் வாசித்தேன். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்பான்களில் போட்டார்களாம். சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியது என்று வந்தது. சொல்வளம் குறைவாக, பாதுகாப்பாக எழுதினால் அது இயந்திரம் போலத் தெரியும். எங்கள் பிள்ளைகளை நாங்கள் எழுதப் பழக்கினது அப்படித்தானே. சட்ஜிபிடியைச் செய்த நிறுவனமே தன் கண்டுபிடிப்பானை அதே வருசம் ஜூலையில் நிறுத்திவிட்டது.

இப்போது நான் கேட்பது: கைவிட்ட மூன்று தொடக்கம், ஏன் கைவிட்டாய் என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ ரெண்டு வரி, பிறகு பத்து நிமிடம் என் முன்னால் இருந்து கதைப்பது. "இந்த வசனத்தை ஏன் இங்க வெச்சாய்?" எழுதினவளுக்குப் பதில் இருக்கும். பிழையான பதிலாக இருந்தாலும் இருக்கும்.

மே 4, பிறகு

ஒருவர் கேட்டிருக்கிறார், கைவிட்ட தொடக்கத்தையும் சட்ஜிபிடியிடமே கேட்டு வாங்கினால் என்ன செய்வீர்கள் என்று. வாங்கியிருக்கிறான் ஒருத்தன். கைவிட்ட மூன்றும் எடுத்துக்கொண்டதை விட நன்றாக இருந்தன. அதில்தான் பிடிபட்டான்.

மே 29

பத்து நிமிடம் என்று லேசாக எழுதிவிட்டேன். இந்த முறை என் வகுப்பில் 60 பேர். ஒரு சுற்றுக்குப் பத்து மணித்தியாலம். இரண்டு சுற்றாவது வேண்டும். அதற்கு நேரசூசியில் இடம் இல்லை, கொடுப்பனவும் இல்லை. புள்ளியை இரண்டு கிழமைக்குள் ஏற்ற வேண்டும். மரத்தடி வாங்கில் இருந்துதான் கதைக்கிறோம், மழை வந்தால் கன்டீனில். "ஏன் இவ்வளவு நேரம், ஒரு மார்க்கிங் ஸ்கீம் போட்டு முடியுங்களன்" என்று மேலிடத்தில் சொன்னார்கள். போட்டேன். மொழிநடைக்கு 40 புள்ளி, கேள்விக்கு 10 என்று அதைத் திருத்தி எனக்கே திருப்பி அனுப்பினார்கள். என் காத்தான்குடிப் பிள்ளைக்கு அதன்படி திரும்பப் புள்ளி போட்டுப் பார்த்தேன். மறுபடியும் 'சி பிளஸ்'.

தம்பி, உங்களிடம் 34 பேர்தான். பாக்கியசாலி. அதை மேலே ஒருவருக்கும் சொல்லிப்போடாதீங்க.

ஜூன் 18

இன்றைக்குக் கடைசிச் சுற்று. நேரம் பின்னேரம் நாலரை, எனக்குச் செங்கலடி பஸ் போய்விடும் என்ற அவசரம். எழுவகை மத வகுப்பில் "மறுக்கலாமா" என்று கேட்ட பெட்டை கடைசி ஆளாக வந்தாள். தன் கட்டுரையை எடுக்கவில்லை. நான் கொடுத்த கையேட்டை எடுத்தாள். பதினொராம் பக்கம் மடித்திருந்தது.

"மிஸ், ஒண்டு கேக்கட்டா? கோவிக்கக் கூடா."

"கேள்."

"கப்லான் 1996ல எழுதினதெண்டு இரிக்கி. ரெண்டு வரி கீழ, 1987ல அதைத் திருத்தினாரெண்டு இரிக்கி. எழுத முந்தி எப்பிடி மிஸ் திருத்தினாரு?"

வாங்கிப் பார்த்தேன். 1966. ஆறும் ஒன்பதும் கவிழ்ந்து கிடக்கிறது. அந்தக் கையேட்டை நான் எட்டு வருசமாகக் கொடுக்கிறேன். எத்தனை பேர் அதைப் பார்த்து அப்படியே மேற்கோள் பட்டியலில் எழுதினார்கள், எத்தனை பேருக்கு நான் சரி போட்டேன் என்று தெரியாது. இங்கேயும் மார்ச் 23இல் அப்படியே எழுதியிருக்கிறேன், பாருங்கள், நன்னூலைத் திருத்தின ஒருவரும் இதைப் பிடிக்கவில்லை.

"எப்ப கண்ட நீ?"

"ஜனவரியில மிஸ்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

கொஞ்ச நேரம் கையேட்டின் மடிப்பைத் தேய்த்துக்கொண்டு இருந்தாள். "நான்தான் விளங்காம வாசிக்கிறன் எண்டு நினைச்சன்."

பஸ் போய்விட்டது. அவளின் கட்டுரையைப் பிறகுதான் எடுத்தோம்.